நரம்பு வலிக்கு மடக்குக் கண்ணாடிப் பெட்டி: ஒரு தையல்காரியின் மதிப்பீடு

பொருள் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். துணி பொதிந்த மூன்று கெட்டி அட்டைகள். மடக்கினால் தட்டையாகிவிடும். விரித்து அடியில் வெல்க்ரோவை ஒட்டினால் மேசைமேல் முக்கோணமாக நிற்கும். நிமிர்ந்து நிற்கிற பக்கத்தின் வெளிப்புறத்தில் முகம்பார்க்கும் கண்ணாடி ஒட்டியிருக்கிறது. வலிக்கிற கையைப் பெட்டிக்குள் விட்டு மறைத்துக்கொண்டு, நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால், மறைந்திருக்கும் கை எங்கே இருக்கவேண்டுமோ அதே இடத்தில் ஒரு கை தெரியும். சிவக்காத, வீங்காத, வலிக்காத கை. இதை வைத்துச் செய்யும் பயிற்சியைத்தான் கண்ணாடிச் சிகிச்சை என்கிறார்கள்.

நான் தையல் தொழில் செய்கிறவள். இடது மணிக்கட்டு முறிந்து, எலும்பு கூடி, மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கை எரிவது நிற்கவில்லை. முறிந்தபோது இருந்த வலி வேறு, இது வேறு. விரல்கள் ஒருநேரம் சிவந்து சூடாகும், இன்னொரு நேரம் நீலம் பாரித்துச் சில்லிடும். ஃபேன் காற்று பட்டால்கூடச் சுள்ளென்றது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத்தான் இருந்தது. காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம், சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ். என்று மருத்துவர் பெயர் சொன்னார். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்புகளும் மூளையும் ஆபத்து தீரவில்லை என்றே நடந்துகொள்ளும் நிலை. இந்தப் பெயர் 1994-இல்தான் வந்தது. ஆனால் இதைப் போன்ற எரிவலியை அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களிடம் பார்த்து, சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற மருத்துவர் 1864-லேயே எழுதி வைத்திருக்கிறார். எனக்கு நரம்பு வலிக்கான மாத்திரை, பிசியோதெரபி இரண்டும் நடந்துகொண்டிருந்தபோதுதான், "கண்ணாடியையும் சேர்த்துப் பார்க்கலாம்" என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அதற்காக வாங்கியது இந்தப் பெட்டி.

இதை எடைபோட நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். கண்ணாடியில் தெரிகிற கை என் இடது கைதான் என்று மூளை நம்புகிறதா? நம்பினால் பெட்டி வேலை செய்கிறது. நம்பவிடாமல் எது தடுத்தாலும் அது பெட்டியின் குறை.

ஏன் நம்பவேண்டும் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் வி. எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்குப் போன நரம்பியல் அறிஞர். 1990-களின் நடுவில், கையை இழந்த பிறகும் அந்தக் கை இருப்பதாக உணர்ந்து துடித்தவர்களிடம் அவர் இதைச் செய்து பார்த்தார். சிலருக்கு அந்த இல்லாத கை இறுக்கமாக முஷ்டி பிடித்து, நகம் உள்ளங்கையில் பதிவதுபோல வலிக்கும். இல்லாத கையை எப்படித் திறப்பது? அவர் வைத்துக்கொண்டது ஓர் எளிய பெட்டி, நடுவில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். இருக்கிற கையை மூடித் திறக்கச் சொன்னார். கண்ணாடியில் இல்லாத கை திறப்பதைக் கண் பார்த்தது. சிலருக்கு இறுக்கம் விட்டது. மூளைக்குள் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் இடம் ஒதுக்கிய ஒரு வரைபடம் இருக்கிறது. கை அனுப்புகிற செய்தியும், மூளை எதிர்பார்க்கிற செய்தியும் பொருந்தாமல் போவது வலிக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. கண் கொண்டுவரும் செய்தி அந்தப் பொருத்தத்தைச் சரிசெய்ய உதவுகிறது. கை இருந்தும் அதைத் தொடமுடியாமல் இருந்த எனக்கு இந்த விளக்கம் மனதில் சட்டென்று ஒட்டிக்கொண்டது.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

கண்ணாடி என்று சொன்னாலும் இது அக்ரிலிக் தகடுதான். அதில் எனக்குப் புகார் இல்லை. விழுந்தால் நொறுங்காது, எடை குறைவு, ஒரே கையால் எடுத்து வைக்கமுடிகிறது. ஒரு கை வேலைக்கு ஆகாதவர்கள்தான் இதை வாங்குவார்கள் என்பதால் எடை முக்கியம். ஆனால் அக்ரிலிக்குக்கு வளையும் குணம் உண்டு. ஒட்டும்போது பசை சீராகப் பரவாமல் போனாலும், மெல்லிய தகடாக இருந்தாலும், ஓரங்களில் பிம்பம் நெளியும். நான் துணி வெட்டுகிற ஸ்கேலைக் கண்ணாடிக்கு எதிரே படுக்க வைத்துப் பார்த்தேன். நடுவில் நேராகத் தெரிந்த கோடு, கீழ் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு லேசாக அலையடித்தது. கீழ் ஓரம் என்பது மேசையில் கை படிந்திருக்கிற இடம். சுண்டுவிரல் சற்று நீண்டு வளைந்து தெரிந்தால் மூளை உடனே, "இது என் கை இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவை எண்ணிப் பார்த்து மாற்றமுடியாது. நான் நல்ல கையின் அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, கையை நெளிவுக்கு மேலே உயர்த்திக்கொண்டேன். பெட்டிக்குள் இருந்த கைக்கும் அதே உயரத்தில் இன்னொரு துண்டு. இரண்டு கையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் கண் பார்ப்பதும் உள்ளே உணர்வதும் ஒத்துப்போகும்.

வெல்க்ரோவும் சரியில்லை. அடியில் ஒட்டுகிற பட்டை தேவைக்கு மேல் அகலமாக இருப்பதால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் பிடிக்கிறது. கொஞ்சம் முன்னே பின்னே போனால் கண்ணாடி சாய்ந்துவிடும்; கண்ணாடி சாய்ந்தால் அதில் தெரிகிற கையும் மேசையிலிருந்து தூக்கினாற்போல் தெரியும். சரியான இடத்தில் ஒரு தையல் போட்டு அடையாளம் வைத்துக்கொண்டேன். ஊசி பிடிக்கத் தெரியாதவர்கள் பேனாவால் கோடு போட்டாலும் போதும்.

இனி உட்துணி. இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வெளித்துணி கெட்டியானது, தையல் நேர், மூலைகளில் பிசிறு இல்லை. உள்ளே போட்டிருப்பது பாலியெஸ்டர் வலைத்துணி. செருப்புக்கும் பைக்கும் உள்பக்கம் போடுவார்களே, அந்த ரகம். நல்ல கையால் தடவினால் ஒன்றும் தெரியாது. சி.ஆர்.பி.எஸ். வந்த கை தொட்டால்தான் தெரியும், அந்த ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக உரசும். இந்த நோயில் மெல்லிய தொடுதலே வலியாக மாறுகிறது; மருத்துவத்தில் அலோடைனியா என்கிறார்கள். கையை நுழைக்கிற வாயைச் சுற்றி நைலான் பைப்பிங், அதாவது விளிம்புக்கு வைக்கும் உருண்டைப் பட்டை, வேறு வைத்துத் தைத்திருக்கிறார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் அந்தப் பைப்பிங்கின் முனைகள் சேருகிற இடம், மணிக்கட்டு படியும் இடத்திலேயே முடிச்சுப்போல் புடைத்து நிற்கிறது. தொட்டால் துடிக்கிற கைக்கென்றே செய்த பொருளின் உள்பக்கம், தொட்டால் துடிக்கிற கையை ஒருமுறையாவது நினைத்துச் செய்யப்படவில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அழகுக்கு யோசித்தவர்கள் இதற்கும் யோசித்திருக்கலாம்.

நான் பைப்பிங்கைப் பிரித்து எடுத்தேன். வலைத்துணிமேல், பலமுறை துவைத்து நைந்த பருத்தித் துணியை ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக விரித்து, தையல் விளிம்பு அட்டைப் பக்கமாகப் போகும்படி மடித்துக் கைத்தையலால் பிடித்தேன். வாயில் விளிம்பே வெளியே தெரியாது. இடது கை துணியைப் பிடிக்க மறுத்ததால் கிளிப் மாட்டித்தான் தைக்கவேண்டியிருந்தது, நேரம் பிடித்தது. அதன் பிறகுதான் கை உள்ளே போய் அமைதியாக இருந்தது. தைக்கத் தெரியாதவர்கள் பழைய பருத்தித் துண்டை உள்ளே தளர்வாக விரித்துக்கொள்ளுங்கள். கையின் மேல்புறம் எதிலும் படாதபடி பெட்டிக்குள் இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இந்தப் பெட்டியில் உயரம் தாராளம், அதற்கு நல்ல மதிப்பெண் தரலாம்.

முதல் அமர்வு பிசியோதெரபிஸ்ட் முன்னால் நடந்தது. வலது கையிலிருந்த மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றச் சொன்னார். ஒரு கையில் மோதிரம் இருந்து இன்னொன்றில் இல்லையென்றால் ஏமாற்று உடனே தெரிந்துவிடுமாம். நகப்பூச்சு, தழும்பு மாதிரி கண்ணில் படுகிற அடையாளம் எதுவானாலும் இதே கதைதான். நான் விரலை மடக்கப் போனேன்.

"அசைக்காதீங்க அக்கா. இன்னைக்குப் பார்த்தா போதும்" என்றார்.

வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அது வலது கையின் பிம்பமாகவே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை, அது என் இடது கையாகிவிட்டது. அப்புறம் அவர் ஒரு மெல்லிய பிரஷ்ஷை எடுத்து என் வலது கையின் மேல்புறத்தில் தடவினார். கண்ணாடியில் இடது கையைத் தடவுவதுபோலத் தெரிந்தது. பெட்டிக்குள் யாரும் தொடாமல் கிடந்த இடது கையில், அதே இடத்தில், சுருக்கென்று எரிந்தது. நான் கையை வெளியே இழுத்துவிட்டேன். பயந்துபோனேன் என்பதே உண்மை. அவர் பதறவில்லை. இப்படி ஆவது இந்த நோயில் தெரிந்த விஷயம்தான், நல்ல கையைத் தொடுவதைக் கண்ணாடியில் பார்த்தாலே மறுகை வலிப்பதை 2005-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்றார். எனக்கு அன்றைக்கு ஒன்று உறுதியாயிற்று. தொடாத இடத்தில் பார்வையால் மட்டும் வலி வரமுடியுமென்றால், பார்வையால் அதைக் குறைக்கவும் வழி இருக்கவேண்டும். அதற்கு முன் பல பேர் என்னிடம், "எக்ஸ்ரே சரியா இருக்கே, அப்புறம் எப்படி வலிக்கும்?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எனக்கு இப்போது பதில் தெரியும்.

பெட்டியோடு வந்த கையேட்டைப் பற்றி. ஒரே தாள், அதில் படங்கள். கையை மூடு, திற, விரலைக் கட்டைவிரலோடு தொடு, பந்தைப் பிடி. எல்லாம் முதல் நாளே. இது சரியில்லை. லோரிமர் மோஸ்லி என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2004-இல் நெடுநாள் சி.ஆர்.பி.எஸ். உள்ளவர்களிடம் செய்து பார்த்த முறையில் கண்ணாடி மூன்றாவது படி. முதல் படியில் கைகளின் படங்களைப் பார்த்து, இது இடதா வலதா என்று சொல்லிப் பழகவேண்டும். கேட்க எளிதாக இருக்கும். வலிக்கிற பக்கத்துக் கையின் படம் வந்தால் எனக்கு விடை சொல்லத் தாமதமானது. இரண்டாவது படியில், கையை அசைக்காமல், அசைப்பதாக மனதில் நினைத்துப் பார்க்கவேண்டும். அதற்கப்புறம்தான் கண்ணாடி. மோஸ்லி ஒவ்வொரு படிக்கும் 2 வாரம் கொடுத்தார். என் பிசியோதெரபிஸ்ட்டும் முதல் அமர்வில் கண்ணாடியைக் காட்டிப் பார்த்துவிட்டு, அந்தச் சுருக்கென்ற எரிச்சலைக் கண்டதும் அதை ஓரமாக வைத்து, என்னை இந்த வரிசையில்தான் கொண்டுபோனார். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எப்போது நிறுத்தவேண்டும் என்பதும் அதில் இல்லை. தலை சுற்றினால், குமட்டினால், வியர்த்தால், உள்ளே இருக்கும் கை நிறம் மாறினால், வலி ஏறினால் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துவிட்டு நிறுத்தவேண்டும். கண்ணாடியில் தெரிகிற அசைவும் உள்ளே இருக்கிற கையின் அசைவும் வேறாக இருந்தால், எந்த வலியும் இல்லாதவர்களுக்கே மதமதப்பு, கூச்சம், கிறுகிறுப்பு எல்லாம் வந்ததை இங்கிலாந்தின் காண்டிடா மெக்கேப் குழு சோதித்துக் காட்டியிருக்கிறது. அப்படியானால் ஏற்கெனவே கிளர்ந்திருக்கிற கைக்குச் சொல்லவேண்டியதில்லை. அதனால் உள்ளே இருக்கும் கையால் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு தூரம் முடியுமோ, நல்ல கையும் அவ்வளவுதான் போகவேண்டும். நல்ல கையின் வேகத்துக்கு மற்றதை இழுக்கக் கூடாது. உள்ளே இருப்பது அசையவே மறுத்தால் அதை விட்டுவிடலாம், நல்ல கை மட்டும் மிக மெதுவாக அசைந்தால் போதும். சில நிமிடங்கள், ஒரே நாளில் பல தடவை. அமைதியான அறை, நிழல் விழாத வெளிச்சம், கையில் கைப்பேசி இல்லை. டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தால் வெறும் விரல் பயிற்சிதான் நடக்கும்.

பலன் என்ன என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஆரம்பத்தில் எரிச்சல் தணிந்தது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மட்டும். கையை வெளியே எடுத்ததும் திரும்பிவிடும். வாரங்கள் போகப்போக, எடுத்த பிறகும் தணிவு நீடித்தது. பிரஷ் தடவினால் பிரஷ்ஷாகவே தெரிய ஆரம்பித்தது. அப்புறம் துணிகள். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி நானே துண்டுகள் வெட்டி வைத்துக்கொண்டேன்: முதலில் நைந்த பருத்தி, பிறகு சாட்டின், புதுப் பருத்தி, கார்டுராய். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இரண்டு கைகளாலும் ஒரே சமயத்தில் ஒரே துணியைத் தொடுவது. ஒவ்வொன்றும் பழகிய பிறகே அடுத்தது. இப்போது மெஷினில் உட்கார்ந்தால் இடது கை துணியை ஊசிக்கு நேராகத் தள்ளித் தருகிறது. நேர்த்தையல் பழைய மாதிரியே வருகிறது. சட்டையின் கை வளைவைச் சுற்றித் தைக்கும்போது, இடது விரல்கள் துணியைத் திருப்பித் திருப்பித் தரவேண்டிய இடத்தில், இன்னும் இடையில் நிறுத்தி ஓய்வு கொடுக்கவேண்டியிருக்கிறது. குளிர்ந்தால் விரல்கள் இறுகுகின்றன. மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார். நானாக எதையும் நிறுத்தவில்லை. மாத்திரை, பயிற்சி, கண்ணாடி மூன்றும் சேர்ந்து நடந்ததில் எதற்கு எத்தனை பங்கு என்று பிரிக்க என்னால் ஆகாது. கண்ணாடி இல்லாமல் துணியைத் தொடும் தைரியம் எனக்கு வந்திருக்காது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இதை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இரண்டு ஆய்வுகளைத் தெரிந்துகொள்வது நல்லது. 2007-இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில், காலை இழந்து அந்த இல்லாத காலில் வலி உள்ளவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி, இன்னொன்றுக்குத் துணி போட்டு மூடிய கண்ணாடி, மூன்றாவதற்குக் கற்பனை மட்டும். நாளுக்கு 15 நிமிடம், 4 வாரம். கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. மற்ற குழுக்களில் பலருக்குக் குறையவில்லை, சிலருக்கு ஏறியது. அவர்களில் கண்ணாடிக்கு மாறிய 9 பேரில் 8 பேருக்குப் பிறகு குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் மூடிய கண்ணாடி அதில் இருந்ததால் நான் அதை மதிக்கிறேன். பலன் பார்வையால் வந்தது என்று அது காட்டுகிறது. இன்னொன்று 2003-இல் மெக்கேப் குழு சி.ஆர்.பி.எஸ். உள்ள 8 பேரிடம் செய்தது. நோய் தொடங்கி 8 வாரத்துக்குள் வந்தவர்களுக்கு வலி தணிந்தது. 2 வருடம் கடந்தவர்களுக்கு வெறும் கண்ணாடி உதவவில்லை. ஆகவே நெடுநாள் வலி உள்ளவர்கள் பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு நேரே இறங்கவேண்டாம். இடது வலது படங்களிலிருந்து தொடங்குங்கள், தெரிந்த ஒருவர் மேற்பார்வையில்.

யாருக்கு இது பொருந்தாது? இந்த முறைக்கு ஒரு பக்கம் நன்றாக இருக்கவேண்டும். நீரிழிவால் இரண்டு பாதமும் எரிகிறவர்களுக்குக் கண்ணாடியில் காட்ட வலியில்லாத பாதம் இல்லை. முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்கும் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன், அதற்கு வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை செயலிழந்தவர்களுக்குக் கண்ணாடிச் சிகிச்சை கொடுப்பது வழக்கத்தில் உள்ளது, அதற்கு ஆய்வு ஆதாரமும் நிறைய. ஆனால் ஒரு கையால் இந்த வெல்க்ரோவோடு போராட அவர்களுக்குத் துணை ஒருவர் வேண்டும்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். மடக்கி எடுத்துப்போகும் வசதிக்கும், எடைக்கும், உள்ளே கைக்கு இருக்கிற இடத்துக்கும் அந்த மூன்று. உட்துணிக்கு ஒன்றும், கையேட்டுக்கு ஒன்றும் குறைத்தேன். வீட்டிலேயே இருந்து பயிற்சி செய்பவர்களுக்கு, சட்டம் போட்ட நேரான கண்ணாடியை இரண்டு கனமான புத்தகக் கட்டுகளுக்கு நடுவே நிறுத்தினாலே போதும். வெட்டு விளிம்பை மட்டும் நாடாவால் மூடிக்கொள்ளுங்கள். காலுக்கு என்றால் இந்தப் பெட்டியை வாங்கவே வேண்டாம். பாதம்கூட முழுதாகத் தெரியாது. முழங்காலுக்கு மேல்வரை காட்டும் நீளக் கண்ணாடியைக் கால்களுக்கு நடுவே படுக்கவாட்டில் நிறுத்தி, தரையிலோ கட்டிலிலோ காலை நீட்டி உட்கார்ந்து செய்வதுதான் சரி. முதுகுக்குச் சாய்மானம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குனிந்து பார்த்தே கழுத்து பிடித்துக்கொள்ளும்.